வம்சாவளியைக் குடும்பக் குழுவில் போட்டேன், அத்தை பேச்சை நிறுத்திவிட்டார்

#1 பரண்பெட்டி
[திருத்தம்: கோயில் பெயர், ஊர்ப் பெயர், ஆண்டுகள், ஒரு படம் நீக்கியிருக்கிறேன். காரணம் 4ஆம் பதிவில்.]

வணக்கம். ஒன்பது வருஷமாக எங்கள் வம்சாவளியைத் திரட்டிக்கொண்டிருக்கிறேன். தாத்தாவின் கணக்கு நோட்டு, பரணில் கிடந்த ஓலை ஜாதகங்கள், இரண்டு பாகப்பிரிவினைப் பத்திரம், ஒரு டிரங்குப் பெட்டி நிறையக் கல்யாணப் பத்திரிகைகளும் கருமாதிப் பத்திரிகைகளும். மீதியெல்லாம் வாய்ச்சொல். குலதெய்வம் கோயில் கும்பாபிஷேகத்துக்கு எல்லாரும் கூடுகிறோம் என்றதும் அவசரம் அவசரமாக முடித்தேன். ஆறு தலைமுறை, 364 பேர், 41 பக்கம். பிடிஎஃப் ஆக்கிக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். குழுவில் 140 பேர்.

முதல் நாள் முழுக்கக் கைகூப்பும் பொம்மைகள்தான். சிங்கப்பூரில் இருக்கும் பெரியப்பா மகன் போன் பண்ணி அழுதார். தலைகால் புரியவில்லை எனக்கு.

இரண்டாம் நாள் ராத்திரி, அத்தையின் பேத்தி ஹாஸ்டலில் இருந்து கூப்பிட்டாள். "மாமா, பாட்டிக்கு ரெண்டு கல்யாணமா?"

ஆமாம். அத்தைக்குச் சின்ன வயதில் ஒரு கல்யாணம் ஆகி, இரண்டு வருஷத்துக்குள் அவர் இறந்துபோனார். சில வருஷம் பிறந்த வீட்டில் இருந்துவிட்டு, பிறகு இப்போதைய மாமாவைக் கட்டிக்கொண்டார். என் அப்பா தலைமுறைக்கு எல்லாம் தெரியும். எங்கள் தலைமுறையில் பாதிப் பேருக்குத் தெரியும். அதற்கும் கீழே யாருக்கும் தெரியாது. நான் இரண்டு கோடும் போட்டேன். முதல் கோட்டின் கீழே "சந்ததி இல்லை" என்று எழுதி, பத்திரிகையின் படத்தையும் ஒட்டியிருந்தேன். வம்சாவளி என்றால் அப்படித்தானே போட வேண்டும் என்று நினைத்தேன்.

அத்தை கும்பாபிஷேகத்துக்கு வரவில்லை. வீட்டுக்குப் போனேன். காபி வந்தது, பேச்சு வரவில்லை.

குழுவில் இருந்து அழித்துவிட்டேன். "எல்லாருக்கும் அழி" என்பது இரண்டரை நாளுக்குள் என்றால் வேலை செய்கிறது. ஆனால் அதற்குள் முப்பது பேர் இறக்கிவிட்டார்கள், ஒருவர் சம்பந்தி வீட்டுக் குழுவுக்கும் தள்ளிவிட்டார். இனி எதை அழித்து என்ன.

நான் செய்தது தப்பா? நீங்களெல்லாம் எதைக் கொடுக்கிறீர்கள், எதை நிறுத்துகிறீர்கள், எப்படி முடிவு செய்கிறீர்கள்?

#2 சாவடித்திண்ணை
தம்பி, சார்பதிவாளர் அலுவலகத்தில் 31 வருஷம் குப்பை கொட்டியவன் நான். பார்த்ததைச் சொல்கிறேன்.

பதிவான சொத்துப் பத்திரத்தில் ரகசியம் கிடையாது, வில்லங்கம் போட்டு யாரும் பார்க்கலாம். ஆனால் சர்வே எண் தெரிந்தவன்தான் பார்ப்பான். தெரியாதவனுக்கு அந்த அலமாரி முழுக்க இருட்டு. உங்கள் அத்தையின் கல்யாணப் பத்திரிகையும் அப்படித்தான். ஐந்நூறு அடித்து ஊருக்கே கொடுத்ததில் என்ன ரகசியம் என்று கேட்கலாம். அந்த ஐந்நூறு பேரும் அன்றைக்குப் பந்தியில் உட்கார்ந்தவர்கள். பிறகு அந்தப் பையன் சாவுக்கும் வந்தவர்கள். அவர்களுக்கு அது தகவல் இல்லை, நடந்த விஷயம். முக்கால்வாசிப் பேர் இன்றைக்கு உயிரோடு இல்லை. நாற்பது இடத்தில் சிதறிக் கிடந்ததை நீங்கள் ஒரே தாளில் கோத்துவிட்டீர்கள். சிதறிக் கிடந்த வரைக்கும் அதற்கு ஒரு காவல் இருந்தது.

எங்கள் ஊரில் வம்சாவளி ஒரு பெரியம்மா வாயில்தான் இருந்தது. எல்லாருக்கும் எல்லாவற்றையும் சொல்ல மாட்டார். பெண் கேட்டு வந்தவர்களுக்கு ஒரு அளவு, பங்காளிச் சண்டையோடு வந்தவனுக்கு ஒரு அளவு. சாவு விழுந்து யார் யாருக்குத் தீட்டு என்று கேட்டு வந்தால் மட்டும் ஏழு தலைமுறையும் வரும். எதிரே உட்கார்ந்திருப்பவன் முகத்தைப் பார்த்து அளந்து ஊற்றுவார். பிடிஎஃப்புக்கு முகம் பார்க்கத் தெரியாது.

யாரும் சொல்லாத இன்னொன்றும் இருக்கிறது. சொத்து. பாக வழக்கு போடும்போது வழக்குரையோடு வம்சாவளி அட்டவணை சேர்ப்பார்கள், பார்த்திருப்பீர்கள். தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25க்குள் கல்யாணம் ஆகாத பெண்களுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு வந்தது. 2005 செப்டம்பர் 9இல் மத்தியத் திருத்தம் வந்து எல்லாப் பெண்களுக்கும் என்றானது. அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு, மூடின கோப்பெல்லாம் திறந்தது. 2004 டிசம்பர் 20க்கு முன்னால் பதிவான பாகப்பிரிவினையைக் கிளற முடியாது, சரி. பதியாமல் வெள்ளைத்தாளில் எழுதிக்கொண்டவை எத்தனை? உங்கள் 41 பக்கம் நாளைக்கு எந்த வக்கீல் மேஜையில் இருக்கும் என்று உங்களால் சொல்ல முடியாது.

இதற்காகப் பெண்கள் பெயரை விடுங்கள் என்று சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். பெயர் இருக்கட்டும். எத்தனை மா நிலம், எந்த சர்வே எண், யார் பங்கை யாருக்கு எழுதிக் கொடுத்தார் என்பதெல்லாம் வம்சாவளியில் எதற்கு? அதற்குத் தனி நோட்டு.

#3 நேர்கோடு
நடந்தது நடந்ததுதானே? அத்தை என்ன தப்பு பண்ணாங்க? புருஷன் செத்துட்டார், இன்னொருத்தரைக் கட்டிக்கிட்டாங்க. அந்தக் காலத்துல அது தைரியம். பேத்திக்குத் தெரிஞ்சா பெருமைப்படுவா. இதை மறைக்கணும்னு சொல்றதுதான் அவமானமாக்குது. எனக்கு இந்த "குடும்ப ரகசியம்" பேச்சே பிடிக்கல.

#4 கவுன்டர்5
முதலில் ஒரு விஷயம். பரண்பெட்டி சார், உங்கள் பதிவில் கோயில் பெயர் இருக்கிறது, ஊர் இருக்கிறது, இரண்டு கல்யாண ஆண்டும் இருக்கிறது, பத்திரிகைப் படமும் இருக்கிறது. உங்கள் சொந்தக்காரர் ஒருவர் கூகுளில் கோயில் பெயரைத் தேடினால் நேராக இங்கே வந்து நிற்பார். 140 பேரிடம் போனதற்கு வருத்தப்பட்டு இங்கே ஊருக்கே சொல்லியிருக்கிறீர்கள். உடனே திருத்துங்கள்.

அடுத்தது என் தொழில் சார்ந்தது. நான் வங்கியில் இருக்கிறேன். வம்சாவளியில் மானம் போவதைப் பற்றியே பேசுகிறோம், பணம் போவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. "தாயாரின் கல்யாணத்துக்கு முந்தைய பெயர்" என்று போனில் சரிபார்க்கும் கேள்வி எத்தனை வருஷமாக இருக்கிறது? வம்சாவளியைத் திறந்தால் 364 பேருக்கும் அதுதான் முதல் வரி. இணையத்தில் இறக்கும் ஆதார் கோப்பின் கடவுச்சொல் என்ன? பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்தும் பிறந்த ஆண்டும். வங்கிக் கணக்கு விவரம் வரும் கோப்பையும் பல இடங்களில் பிறந்த தேதியை வைத்துத்தான் பூட்டுகிறார்கள்.

பூட்டை விடுங்கள், பேச்சே போதும். எங்கள் கிளையில் ஒரு பெரியவர், "தாத்தா, நான் உங்க தம்பி பேரன், துபாயில் இருந்து பேசறேன், பாஸ்போர்ட்டைப் பிடிச்சு வெச்சுட்டாங்க" என்று வந்த அழைப்புக்கு நகைக் கடனே வாங்கினார். பேரன் பெயர், அவன் அம்மா பெயர், வீட்டில் கூப்பிடும் பெயர், எல்லாம் சரியாகச் சொன்னானாம். எங்கிருந்து எடுத்தான் என்று கடைசி வரை தெரியவில்லை.

நான் என் வீட்டுக்குச் செய்தது: உயிரோடு இருப்பவர்களுக்குப் பெயர், யாருக்கு யார் என்ன உறவு, அவ்வளவுதான். பிறந்த நாள் இல்லை, கைப்பேசி எண் இல்லை, வேலை பார்க்கும் கம்பெனி இல்லை, வீட்டு வாசல் படம் இல்லை. "பிறந்தநாள் வாழ்த்துச் சொல்ல வசதியாக இருக்குமே" என்று எல்லாரும் கேட்டார்கள். காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள் என்றேன்.

சட்டம் காப்பாற்றும் என்று இருக்காதீர்கள். 2023இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் தன் சொந்த, வீட்டு உபயோகத்துக்காகக் கையாளும் விவரங்களுக்குப் பொருந்தாது என்றே சொல்லிவிட்டது. குடும்பத்தைக் குடும்பம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

#5 பரண்பெட்டி
திருத்திவிட்டேன். வெட்கமாக இருக்கிறது. நன்றி.

#6 பனங்கிழங்கு
நான் டொரொண்டோவில இருக்கிறன். எங்கட கதை கொஞ்சம் வேற. உங்களிட்டப் பெட்டி இருக்கு, எங்களிட்டப் பெட்டியே இல்லை. 95 ஒக்டோபர் கடைசியில யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்ட இரவு, அம்மம்மா காணி உறுதியளை எடுத்தவ, படங்களை விட்டிட்டா. கலியாணப் படம் ஒண்டுகூட மிஞ்சேல்லை. அதால நான் தொடங்கினது ஆக்களின்ர ஞாபகத்தில இருந்துதான். லண்டன், பரிஸ், ஸ்காபரோ, ஊர் எண்டு ஒவ்வொருவரா ஸூமில பிடிச்சுக் கதைச்சுப் பதிவு செய்தன். 70 மணித்தியாலத்துக்கு மேல கிடக்கு.

எங்கட அட்டவணையில சில பேருக்குப் பக்கத்தில இறந்த ஆண்டு போட ஏலாது. காணாமல் போனவை. கணக்குப் பாத்தா 2009 எண்டு போடலாம், எனக்குத் தெரியும். ஆனா 2017 இல இருந்து வீதியோரக் கொட்டிலில மகன்ர படத்தோட இருந்த தாய்மாரில என்ர மாமியும் ஒராள். நான் இஞ்ச கனடாவில சூடான வீட்டுக்குள்ள இருந்துகொண்டு அவனுக்கு ஒரு ஆண்டு போடுறதோ? அந்த இடத்தைச் சும்மா விட்டிட்டன். கணினி "உயிரோட இருக்கிறார்" எண்டு எடுக்குது. எடுக்கட்டும்.

மற்றது, ஆர் எந்தக் காலத்தில என்ன செய்தவை எண்டது. வெளிநாட்டில இருந்து அதை எழுதுறது சுகம். எழுதினவன்ர வீட்டுக் கதவை ஒருத்தரும் தட்ட மாட்டினம். ஊரில இருக்கிற தங்கச்சின்ர கதவைத் தட்டுவினம். வந்த வழியில பெயரும் பிறந்த திகதியும் மாறின ஆக்களும் இருக்கினம். அவையின்ர உண்மையான திகதி எனக்குத் தெரியும், ஆனா அது என்னட்ட இருந்து ஒரு கோப்புக்குள்ள போகாது.

நான் பழக்கினது ஒண்டு சொல்லுறன். ஒவ்வொருவரோடயும் கதைச்சு முடிய, பதிவை நிப்பாட்டாமல் கேப்பன்: "இதில எதை ஆருக்குக் காட்டலாம், எதை வெட்ட?" எண்டு. பதில் அவையின்ர குரலிலயே அந்தக் கோப்பில இருக்கும். நாளைக்கு என்ர பிள்ளை எடுத்துக் கேட்டாலும் அவனுக்கு விளங்கும். பெரியம்மா ஒராள் இரண்டு மணித்தியாலம் கதைச்சுப்போட்டு, "எல்லாத்தையும் போடு, நான் கோபத்தில சொன்ன அந்த மச்சாளின்ர கதையை மட்டும் வெட்டு, அவள் பாவம்" எண்டா. வெட்டினன்.

#7 நேர்கோடு
மேல நான் எழுதினது கொஞ்சம் வேகமா வந்துடுச்சு. பனங்கிழங்கு அண்ணா எழுதினதைப் படிச்சப்புறம் ஒண்ணும் சொல்ல முடியல.

ஆனா என் பக்கத்தையும் கேளுங்க. எங்க வீட்டுல ஒரு வம்சாவளி இருக்கு, தாத்தா எழுதினது. அதுல என் அப்பத்தா பேரே இல்ல. "மனைவி"ன்னு இருக்கு. அஞ்சு பிள்ளை பெத்தவங்க. ஒரு அத்தை வேற சாதியில கட்டிக்கிட்டுப் போனாங்க, அவங்களும் இல்ல. கேட்டா, "எதுக்கு வெளில தெரியணும், அவ குடும்பத்துக்குத்தான் சங்கடம்"னு சொல்றாங்க. அவங்க குடும்பத்துக்கு ஒரு சங்கடமும் இல்ல, நான் போய்க் கேட்டேன். அத்தை பையன் சொன்னான், "எங்க அம்மா உங்க வீட்டுல பொறந்தாங்கன்னு ஒரு தாளாவது சொல்லட்டுமே"ன்னு.

அதனால பிரைவசின்னு யாராவது சொன்னா எனக்கு முதல்ல சந்தேகம்தான் வருது. யாரோட பிரைவசி? மறைக்கச் சொல்றது யாரு, சம்பந்தப்பட்டவங்களா, இல்ல அவங்களை வெச்சு வெட்கப்படுறவங்களா? பரண்பெட்டி சார், உங்க அத்தைகிட்ட யாராவது கேட்டாங்களா? 140 பேர் பேசியிருப்பாங்க. அவங்க என்ன சொன்னாங்க?

#8 மெட்டியொலிகேட்காதவள்
நேர்கோடு கேட்டது சரியான கேள்வி. ஆனால் அதற்கு ஒரே பதில் கிடையாது என்பதை என் வீட்டில் கற்றேன்.

என் கொள்ளுப்பாட்டி கோயிலுக்குத் தேவதாசியாகப் பொட்டுக்கட்டப்பட்டவர். 1947இல் அதைத் தடை செய்யும் சட்டம் வந்தபோது அவருக்கு நாற்பது தாண்டியிருந்தது. அதற்குப் பிறகு அந்தத் தெருவே கலைந்தது. பாட்டி மூன்று பிள்ளைகளோடு வேறு ஜில்லாவுக்கு வந்து, வேறு தொழில், வேறு பேச்சு, பிள்ளைகளுக்குப் புதுத் தலைப்பெழுத்து. வீட்டில் யாரும் பாடக்கூடாது. ரேடியோவில் கச்சேரி வந்தால் அம்மா திருப்பிவிடுவாள். ஏன் என்று எனக்கு முப்பது வயதில்தான் தெரிந்தது.

எங்கள் வம்சாவளியை மற்றவர்கள் போடும் மாதிரி போடவே முடியாது. வீடும் நகையும் வித்தையும் பெண்வழியாக இறங்கியவை. அப்பா பெயர் எழுதும் இடத்தில் கோடுதான். மென்பொருளில் முதலில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் ஏதோ தவறு மாதிரி நிற்கும். எனக்கு அது தவறாகத் தெரியவில்லை. நான்கு தலைமுறைப் பெண்களின் பெயர் சங்கிலி மாதிரி விடாமல் வருகிறது, உங்களில் எத்தனை பேரிடம் அது இருக்கிறது?

அறுபது பக்கம் எழுதினேன். முதல் பிரதியைச் சித்தியிடம் கொடுத்தேன், எங்கள் பக்கம் மிஞ்சியிருக்கும் மூத்தவள் அவள்தான். இரண்டு நாளில் படித்துவிட்டுச் சொன்னாள்: "நல்லா எழுதியிருக்க. அம்மாவை அப்படியே கொண்டு வந்துட்ட. என் மருமக வீட்டுக்குத் தெரிய வேண்டாம்."

எனக்குக் கோபம் வந்தது. இன்றும் கொஞ்சம் இருக்கிறது. ஆனால் எனக்கு அந்தப் பெருமை சும்மா கிடைத்தது. சித்திக்கு இரண்டு வரன் இந்தக் காரணத்தால் தட்டிப்போயிருக்கிறது. பள்ளிக்கூடத்தில் ஒரு டீச்சர் வகுப்பில் வைத்துக் கேட்டிருக்கிறார். நான் எழுதிப் பாராட்டு வாங்குவேன், அவள் போய்ச் சம்பந்தி வீட்டுக் கூடத்தில் உட்கார வேண்டும்.

மூன்று பிரதி மட்டும் இருக்கிறது. ஒன்று என்னிடம், ஒன்று சித்தியிடம், ஒன்று உறைக்குள் ஒட்டி என் மகளிடம். உறை மேலே "சித்தி சரி என்ற பிறகு, அல்லது சித்திக்குப் பிறகு" என்று எழுதியிருக்கிறது. அந்த வார்த்தை சித்தியே சொன்னது.

#9 பூட்டுக்குறி
கொஞ்சம் கை வேலை பற்றி. நான் கிராம்ப்ஸ் என்ற வம்சாவளி மென்பொருளைப் பயன்படுத்துகிறேன், இலவசம், கோப்பு நம் கணினியிலேயே இருக்கும். அதில் ஒவ்வொரு ஆளுக்கும், ஒவ்வொரு நிகழ்வுக்கும், குறிப்புக்கும் தனித்தனியாக ஒரு பூட்டுக் குறி உண்டு. அதை அழுத்தி வைத்துவிட்டு, ஏற்றுமதி செய்யும்போது பூட்டியவை வேண்டாம், உயிரோடு இருப்பவர்களின் விவரம் வேண்டாம் என்று சொன்னால் அவற்றை விட்டுவிட்டுத்தான் கோப்பு வரும். அப்படியானால் முழு விவரமும் நம்மிடம், கொடுக்கிற பிரதி மட்டும் வேறு. அத்தையின் முதல் கல்யாணத்தை அழிக்க வேண்டிய அவசியமே இல்லை, அந்த நிகழ்வைப் பூட்டினால் போதும்.

மாட்டிக்கொள்ளும் இடங்கள்:

இறந்த தேதி போடாதவர்களை அது வயதை வைத்து ஊகிக்கும், 110 வயது வரை உயிரோடு இருக்கலாம் என்று எடுத்துக்கொள்ளும். பிறந்த ஆண்டும் தெரியாத கொள்ளுப்பாட்டிகள் நம் வீடுகளில் ஏராளம். அதைவிட மோசம், தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் பழக்கம். இரண்டு பேரும் ஒருவர்தான் என்று யாராவது சேர்த்துவிட்டால், உயிரோடு இருக்கும் பேரன் இறந்தவர் கணக்கில் போய் அவன் விவரம் முழுக்க வெளியே வரும். என் மாமா மகனுக்கு நடந்தது. அவனே படித்துவிட்டு, தான் 1958இல் காலமானதாகச் சொல்லிச் சிரித்தான்.

குறிப்புப் பகுதியில் நாம் நமக்காக எழுதி வைப்பது ("குடி", "கடன்", "இவரிடம் கேட்காதே") ஜெட்காம் கோப்போடு (வம்சாவளி விவரத்தை ஒரு மென்பொருளில் இருந்து இன்னொன்றுக்கு மாற்றும் கோப்பு) சத்தமில்லாமல் கூடப் போகும். கொடுப்பதற்கு முன் அந்தக் கோப்பைச் சாதாரண எழுத்துக் கோப்பாகத் திறந்து ஒருமுறை வாசித்துவிடுங்கள்.

பிடிஎஃப்பில் ஒரு வரியின் மேல் கறுப்புக் கட்டம் வரைந்தால் மறையாது. கட்டத்துக்குக் கீழே எழுத்து அப்படியே இருக்கும், தேய்த்து நகலெடுத்தால் வந்துவிடும். மூலத்திலேயே நீக்கிவிட்டு மறுபடி பிடிஎஃப் எடுங்கள். கைப்பேசியில் எடுத்த படங்களைக் கோப்பாக அனுப்பினால் எடுத்த இடத்தின் குறிப்பும் கூடவே போகும். பழைய பத்திரிகைப் படங்களில் கடைசி வரியில் முகவரி இருக்கும், சில வீடுகள் இன்னும் அதே முகவரிதான்.

இணையத்தில் ஏற்றுவது தனிக் கதை. ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளித் தளத்தில் உயிரோடு இருப்பவர்களை மற்றவர்களுக்குக் காட்டாது, ஆனால் இறந்தவர் பக்கம் எல்லாருக்கும் பொது. யாரோ ஒருவர் வந்து உங்கள் தாத்தாவுக்கு இன்னொரு மனைவியைச் சேர்த்துவிட்டுப் போகலாம்.

#10 இடுப்புக்கயிறு
ஒரே ஒரு வேண்டுகோள். பெயருக்குப் பக்கத்தில் "தத்து" என்று எழுதாதீர்கள். எனக்கு என் வீட்டில் சொல்லித்தான் வளர்த்தார்கள், எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் ஒரு சித்தப்பா அச்சடித்த அட்டவணையில் மற்ற எல்லாருக்கும் நேர்கோடு, எனக்கு மட்டும் புள்ளிக்கோடு. என் பையன் அதைக் காட்டி "ஏம்ப்பா உனக்கு மட்டும் டாட் டாட்டா இருக்கு" என்று கேட்டான். அவனிடம் எப்போது சொல்வது என்று நான் ஒரு நாள் வைத்திருந்தேன்.

#11 வளவுவீடு
சாவடித்திண்ணை ஐயா பெரியம்மா பற்றிச் சொன்னதும் எங்கள் பக்கம் ஞாபகம் வந்தது. நகரத்தார்களில் (செட்டிநாட்டுச் செட்டியார்கள்) கல்யாணம் ஆன தம்பதி ஒரு புள்ளி. ஒன்பது நகரக் கோயில்களில் எந்தக் கோயிலைச் சேர்ந்தவர்களோ அந்தக் கோயிலில் பெயர் பதிவாகி, அங்கிருந்து மாலை வந்தால்தான் கல்யாணம். புள்ளிக்கு வரி உண்டு. இத்தனை தலைமுறையாக இத்தனை பேர் கணக்கு அங்கே இருக்கிறது. என்னிடம் இல்லாத என் வம்சாவளி அந்த நோட்டில் இருக்கிறது.

நான் கவனித்தது, அந்த நோட்டு கோயிலை விட்டு நகர்வதில்லை. வேண்டியவர் போய், இன்னார் மகன் என்று சொல்லி, தன் வரியைப் பார்க்கிறார். யாரும் மொத்தமாக இறக்கிக் குழுவில் போடுவதில்லை. (பெண்களின் கணக்கு இதில் எங்கே என்று நேர்கோடு கேட்பார். புகுந்த வீட்டுப் புள்ளியில். அதைப் பற்றித் தனி இழை ஆரம்பியுங்கள், நான் வருகிறேன்.)

#12 கவுன்டர்5
ஒன்று விட்டுப்போனது. அமெரிக்காவில் இருக்கும் மருமகன்கள் யாராவது எச்சில் குப்பியில் துப்பி மரபணுச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்களா? 2023இல் 23அண்ட்மீ நிறுவனத்தில் சுமார் 14,000 கணக்குகளுக்குள் திருடர்கள் புகுந்தார்கள், உறவினரைக் காட்டும் வசதி வழியாக ஏறக்குறைய 69 லட்சம் பேரின் விவரம் போனது. 2025 மார்ச்சில் நிறுவனமே திவால் மனு போட்டது. ஒருவர் துப்பினால் குடும்பமே துப்பிய மாதிரிதான். கேட்காமல் துப்பாதீர்கள் என்று என் தம்பி மகனிடம் சொன்னேன், "நேத்தே அனுப்பிட்டேன் பெரியப்பா" என்றான்.

#13 பரண்பெட்டி
மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். எல்லாருக்கும் நன்றி.

நேர்கோடு கேட்டது உறுத்திக்கொண்டே இருந்தது. உண்மையில் யாரும் அத்தையிடம் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. ஒன்பது வருஷத்தில் பெரியப்பாவிடம் கேட்டேன், சித்தப்பாவிடம் கேட்டேன், சோழவந்தானில் இருக்கும் ஒரு தூரத்து மாமாவைத் தேடிப் போய்க் கேட்டேன். அத்தை வீடு பஸ்ஸில் நாற்பது நிமிஷம். அவரைப் பற்றி அவரிடம் கேட்கத் தோன்றவே இல்லை.

(ஊர்ப் பெயரை மாற்றியிருக்கிறேன், மாமா இருப்பது சோழவந்தானில் இல்லை. கவுன்டர்5 சார் திட்டுவதற்கு முன் சொல்லிவிடுகிறேன்.)

போன ஞாயிறு போனேன். கணினி கொண்டு போகவில்லை. அவருடைய பக்கத்தை மட்டும் பெரிய எழுத்தில் அச்செடுத்துக் கொண்டு போனேன். மாமா ஊரில் இல்லாத நாளாகப் பார்த்துப் போனேன் என்று நினைத்தேன், பார்த்தால் மாமா திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். "உள்ள போப்பா, அவ உன்மேலதான் கோவமா இருக்கா, என்மேல இல்ல" என்றார். அவருக்கு எல்லாம் முதல் நாளில் இருந்தே தெரியும்.

அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு வரி விடாமல் படித்தார். முதல் கல்யாணம் வெளியே தெரிந்ததுதான் கோபம் என்று நான் நினைத்திருந்தேன். இங்கே நாம் எல்லாரும் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தோம். அது இல்லை. அந்தக் கல்யாணத்தைப் பற்றிப் பேத்தியிடம் தானே சொல்லிக்கொள்வேன் என்றார். சொல்லியும்விட்டார் போலிருக்கிறது.

நான் எழுதியிருந்த வேறொரு வரி தவறு. அந்த வரியில் விரலை வைத்து, "இதை உனக்கு யார் சொன்னது?" என்று கேட்டார். யாரும் சொல்லவில்லை. யாரும் எதுவும் சொல்லாததால் நானாகப் போட்டது. அதற்குப் பிறகு அத்தை சொன்னதை இங்கே எழுதப் போவதில்லை. என் அப்பாவுக்கே தெரியுமா என்று எனக்குத் தெரியவில்லை, கேட்கவும் போவதில்லை.

பழைய கோப்பை வைத்திருப்பவர்களுக்குத் தனித்தனியாகப் போன் பண்ணி அழிக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். 22 பேரிடம் பேசியாயிற்று. நான்கு பேர் "எதுக்குப்பா, நல்லாத்தானே இருக்கு" என்றார்கள். இனி மொத்தமாக ஒரு கோப்பு கிடையாது. ஒவ்வொரு வீட்டுக்கும் அவர்கள் கிளை மட்டும், தாளில், நேரில். கொடுப்பதற்கு முன் அந்த வீட்டில் யாரைப் பற்றி எழுதியிருக்கிறேனோ அவரிடம் முதலில். இப்படிப் போனால் எல்லா வீட்டுக்கும் போய் வர இரண்டு வருஷமாவது ஆகும்.

#14 பூட்டுக்குறி
நல்லது சார். தமிழில் அச்செடுக்கும்போது கொம்பு, கால் எல்லாம் இடம் மாறி வருகிறதா உங்களுக்கு? எனக்கு வருகிறது. என்ன எழுத்துரு போடுகிறீர்கள்?

#15 பரண்பெட்டி
நோட்டோ சான்ஸ் தமிழ். ஆனால் நேரடியாக அச்செடுத்தால் எனக்கும் உடைகிறது. லிப்ரேஆபீஸ் கோப்பாக எடுத்து, அதில் எழுத்துருவை மாற்றி, பிறகு அச்செடுக்கிறேன்.

#16 நேர்கோடு
சார், அந்தத் தப்பான வரி இருந்த இடத்துல இப்ப என்ன போட்டிருக்கீங்க? என்ன விஷயம்னு கேக்கல. காலியா விட்டீங்களா?

#17 பரண்பெட்டி
நான் ஒன்றும் போடவில்லை. அந்தப் பக்கத்தை அத்தையிடமே விட்டுவிட்டு வந்தேன். கிளம்பும்போது பென்சில் இருக்கா என்று கேட்டார், கொடுத்தேன். இன்னும் திரும்பி வரவில்லை.